பேரி மரத்துக்கு வராத தேனீ

மதுரை அறிவியல் கண்காட்சிக்கு எந்த வகுப்பை அனுப்புவது என்று ஹெட்மாஸ்டர் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. எழுபதுகளின் கடைசி அது. கொடைக்கானலில் எங்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்து ஆறு வருஷமாக என் ஏழாம் வகுப்பு 'ஏ' செக்‌ஷன்தான் போய்க்கொண்டிருந்தது. அதில் கேள்வியே எழுந்ததில்லை. இப்போது 'பி' செக்‌ஷனுக்கு ஸ்டெல்லா டீச்சர் வந்திருந்தார். வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

பள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பேரி மரங்கள். ஸ்டெல்லா டீச்சர் தன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிளையைப் பிரித்துக் கொடுத்து, அடையாளத்துக்கு ஸ்வெட்டர் நூலைக் கட்டிவிட்டார். தினமும் கால் மணி நேரம் அந்தக் கிளையைப் பார்த்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். அவர் பிள்ளைகள் பெல் அடிக்கும் முன்பே மரத்தடிக்கு ஓடினார்கள். என் பாடத்துக்கு யாரும் அப்படி ஓடியதில்லை. பொறாமைதான், வேறென்ன?

நானும் என் வகுப்புக்குக் கிளை பிரித்து நூல் கட்டினேன். ஆனால் நோட்டு சுத்தமாக இருக்க வேண்டுமே என்று, வெளியே போகும் முன்பே போர்டில் நோட்ஸ் எழுதிப் போட்டுவிடுவேன்.

ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் ஆளில்லாத நேரம் பார்த்து 'பி' செக்‌ஷன் நோட்டுகளைப் புரட்டினேன். ஒரே பிழை, மழைக் கறை. பக்கத்துக்குப் பக்கம் 'தெரியல' என்று வேறு எழுதியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நேராக ஹெட்மாஸ்டரிடம் கொண்டு போனேன்.

"பாருங்க சார், தெரியல தெரியலன்னு எழுதிக் கெடக்கு. இதையா மதுரைக்கு அனுப்பப் போறீங்க?"

அவர் என் வகுப்பு நோட்டுகளையும் வாங்கிப் படித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். என் பிள்ளைகள் அங்கே நனைந்துகொண்டு நின்றார்கள். அந்த வாரம் முழுக்கச் சாரல். நாற்பது நோட்டிலும் 'பூக்களில் தேனீக்கள் மொய்த்தன' என்று இருந்தது.

பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள் பாத்திமாவைக் கூப்பிட்டார். "தேனீயப் பாத்தியாம்மா?"

"இல்லங்க சார். இந்த மழையில எங்கிட்டு வரும்? சார் போர்டுல போட்டாங்க, எழுதினோம்."

ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஞானமுத்து, அந்தப் பிள்ளைக தெரியாததைத் தெரியலன்னு எழுதியிருக்குக. உங்க பிள்ளைக பாக்காததைப் பாத்த மாதிரி எழுதியிருக்குக."

'பி' செக்‌ஷன் மதுரைக்குத் தேர்வானது. நான் இரண்டு நாள் ஸ்டெல்லா டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் போர்டைத் தொடாமல் என் வகுப்பை வெளியே கூட்டிப் போனேன். "பாத்ததை மட்டும் எழுதுங்க, நேரத்தையும் போடுங்க" என்றேன்.

சாயங்காலம் நோட்டுத் திருத்த உட்கார்ந்தேன். பாத்திமா எழுதியிருந்தாள்:

"10.20. என் கிளையில் மூன்று பூ உதிர்ந்தது. 10.25. சார் மரத்தைப் பார்க்கவில்லை. 'பி' செக்‌ஷன் பக்கம் பார்த்தார். 10.30. இன்னும் அங்கேயேதான் பார்க்கிறார்."

புதிதாக வரும் ஆசிரியர்களே, பிள்ளைகளைப் பார்க்கப் பழக்கினால் நம்மையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சிவப்புப் பேனாவைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். அடிப்பதற்கு ஒரு வரிகூட இல்லை. முழு மார்க் போட்டேன்.