அவர் நெஞ்சும் என் முதுகும்

நோயாளியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். அதுவும் கட்டிய புருஷனைப் பார்த்து.

அவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, செராஸில் இருக்கும் மகள் தினமும் போன் செய்வாள். "அப்பா நடந்தாரா? உப்பு கம்மியா போட்டீங்களாம்மா?" என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவருக்கு ஓட்ஸ், அவித்த மீன். எனக்கு, வீணாக்க மனமில்லாத நேற்றைய கருவாட்டுக் குழம்பு. முதுகு வலித்தால் நானே தைலம் தேய்த்துக்கொள்வேன். படியேறினால் மூச்சு வாங்கும். யாரிடம் சொல்வது? எங்கள் வீட்டில் இதயம் என்ற ஒன்று அவருக்கு மட்டும்தான் இருந்தது.

கிள்ளான் அரசாங்க கிளினிக்கில் அவருக்கு பிரஷர் பார்த்த தாதி, "சூப்பர் லா அங்கிள்!" என்று பாராட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முகத்தைக் கவனித்தாரோ என்னவோ, "ஆன்டி, நீங்க கடைசியா எப்ப செக் பண்ணீங்க?" என்றார்.

"எனக்கென்ன மிஸ்ஸி, நல்லாத்தானே இருக்கேன்."

விடவில்லை. என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். தாதியின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"முதுகு வலிக்குதா? மூச்சு வாங்குதா?" தலையாட்டினேன். "பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலிக்காமலும் மாரடைப்பு வரும் ஆன்டி. இன்னிக்கே இசிஜி எடுத்துடலாம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" கணவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கேக்கலையே."

இப்போது இருவருக்கும் ஒரே சமையல், ஒரே மாதிரி மாத்திரை. மகள் முதலில் என்னைத்தான் விசாரிக்கிறாள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அதற்கு நானும் நோயாளியாக வேண்டியிருந்ததே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.