சேகர் அண்ணனின் பிக்கப்

என் மகளின் எலெக்ட்ரிக் கிதாருக்கு, கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலியாக்கும் பிக்கப்பைப் புதிதாக வாங்கிப் பற்றவைத்தேன். ஈயப் புகை மூக்கில் ஏறியதும் எங்கள் பழைய குமணன்சாவடி வீட்டு அடுப்படி கண்முன் வந்து நின்றது.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தார். கம்பி மாற்றித் தருகிறேன் என்று அவர் கிதாரை வாங்கினேன். அடுப்பில் பெரிய ஆணியைக் காய்ச்சி ஈயத்தை உருக்கி, அவருடைய நல்ல பிக்கப்பைக் கழற்றி என் மட்டமான கிதாரில் பொருத்திக்கொண்டேன். என் பிக்கப்பை அவர் கிதாரில் வைத்து, பழைய மூடியையே மேலே மாட்டித் திருப்பிக் கொடுத்தேன். திருட்டுப் புத்தி.

ஆடித் திருவிழா மேடையில் அவர் கிதார் தகரமாகக் கத்தியது.

"இன்னா சேகரு, வெரலு செத்துப்பூச்சா?" குழுத் தலைவர் மைக்கிலேயே கேட்டார். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் அண்ணன் கிதாரோடு வந்தார். "நீயே வச்சிக்கோ நைனா. எனக்குக் கை பூட்ச்சு. உன் கிதாரு சும்மா கணீர்னு கீது."

வாங்கிக்கொண்டேன். அவர் அதன்பின் வாசிக்கவே இல்லை.

மகள் கம்பியை மீட்டிப் பார்த்தாள். "செமயா இருக்குப்பா! இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"போன்ல பாத்துதாம்மா" என்றேன்.