காயாத மேகம்

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அர்த்தநாரியின் மனைவி மைதிலி, நாற்பத்தெட்டாவது வயதில் எண்ணெய் ஓவியம் கற்கத் தொடங்கினாள். மகள் வேலைக்கென்று பெங்களூர் போய்விட்டாள். சனிக்கிழமைதோறும் மைதிலி சேலத்துக்கு பஸ் ஏறி, ஃபேர்லேண்ட்ஸில் அபிநயா என்ற பெண் நடத்திய வகுப்புக்குப் போய்வந்தாள்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ வரைந்த படம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொன்னாள் அபிநயா. பாறை மலை, அதன்மேல் கவியும் புயல் மேகம், அடியில் எறும்பளவுக்கு ஒரு வழிப்போக்கன்.

"அவசரமே வேண்டாங்க்கா. ஆயில் பெயிண்ட் காய நாலஞ்சு நாள் ஆகும். சரியா வரலேன்னா வழிச்சுட்டு மறுநாள்கூடப் போடலாம்."

மலை வந்துவிட்டது. மேகம்தான் மூன்று வாரமாகச் சிமெண்டுப் பூச்சு போலவே இருந்தது. ஒரு புதன்கிழமை காலை, வீட்டில் வரைந்துகொண்டிருந்தபோது, மேகத்துக்குள் எப்படியோ வெளிச்சம் வந்துவிட்டது. அப்போதுதான் அர்த்தநாரி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பத்து வருஷத்துச் சர்க்கரை. ஒரு மாதமாக இடது கண் மங்கல். அன்று சேலத்துக் கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருவதாக அவள் சொல்லியிருந்தாள்.

"கிளம்பலையா புள்ள?"

"நீங்க மட்டும் போய்ட்டு வந்துருங்க. இப்ப உட்டா பெயிண்ட் காஞ்சிரும். அப்புறம் மொத்தமும் வீணாப் போயிரும்."

அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

இருட்டிய பிறகுதான் திரும்பினார். கண்ணில் மருந்து விட்டதில் பஸ்ஸின் போர்டு தெரியவில்லையாம். எதிர்த்திசையில் போகும் தருமபுரி பஸ்ஸில் ஏறி, ஓமலூரில் இறங்கி, ஆள் ஆளாய்க் கேட்டுத் திரும்பியிருக்கிறார். இடது கண்ணின் விழித்திரை கெட்டுவிட்டது, வலது கண்ணையாவது ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதை, பக்கத்தில் யாருமில்லாமல் தனியாகக் கேட்டிருக்கிறார்.

மைதிலி அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் படத்தருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். மேகத்தை ஆசையாகத் தொட்டார். விரலில் சாம்பல் நீலம் ஒட்டிக்கொண்டது.

"என்ன புள்ள, இன்னும் ஈரமா இருக்குது? நேத்தே காஞ்சிரும்னியே?"



"பொய் சொல்லீட்டனுங்க. அது காய நாலு நாளாகும். எனக்குத் தெரியும்."

அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படம் வரையோணும், நான் வர்லீங்கன்னு சொல்லியிருந்தா, வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மாதாமாதம் ஊசிக்கு அவளே கூட்டிப்போனாள். அன்று கூடவே வந்திருந்தாலும் இடது கண் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவள் நினைத்துக்கொண்டிருந்தது கண்ணைப் பற்றியல்ல. ஓமலூர் பஸ் நிலையத்தில் கண்கூச நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வழி கேட்ட மனிதரைப் பற்றி.

வலது கண் தப்பியது. படமும் முடிந்தது. மாடியில் நடந்த வகுப்பின் கண்காட்சியில் அபிநயா அதை வாசலுக்கு நேராகவே மாட்டினாள். அர்த்தநாரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என்ற சம்சாரம் போட்டதுங்க. அந்த மேகத்தைப் பாருங்க, அதுக்கு எத்தன பாடுபட்டா தெரியுங்களா!" என்றார்.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மைதிலி கீழே இறங்கிப் போனாள். வெகுநேரம் மேலே வரவில்லை.