சுருதிக் கிண்ணம்

எங்கள் கச்சேரிக் குழு சுருதி சேர்த்தது ஒரு பீங்கான் கிண்ணத்தை வைத்து. விருத்தாசலத்தில் அது யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை.

பகலில் பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குவேன். ஒன்பதாவதோடு ஸ்கூல் நின்றுபோனது. ஒரு ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்காதவன். இங்கே தங்கியதற்குக் காரணம் சூளை. திறந்ததும், சூடு இறங்கும் ஜாடிகள் ஒவ்வொன்றாக டிங், டிங் என்று முனகும். வெள்ளைப் புழுதிக்குள் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். மங்கலம்பேட்டையில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் எலெக்ட்ரிக் கிடாரும் அமெரிக்க ப்ளூஸ் இசைக் கேசட் ஒன்றும் வாங்கினேன். கேசட்டில் வாசித்தவர் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து அழவைத்தார். அதே முனகல்.

வெந்த சாமான்களைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கிற அக்காதான் அந்தக் கிண்ணத்தைத் தந்தார். அதற்கேற்பக் கம்பிகளைத் திருகினேன். கீபோர்டுக்காரரும் தன் பெட்டியின் சுருதியைக் கிண்ணத்துக்கு இறக்கிக்கொண்டார். மாதா கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாம் அந்தச் சுருதியிலேயே நடந்தன.

ஒரு கல்யாணத்தில் என் வாசிப்பைக் கேட்ட ஒருவர் சென்னை ஸ்டுடியோ ஒன்றுக்கு வரச் சொன்னார். ஒரு பாட்டுக்கு வாசிக்க வேண்டும். சரியாக வந்தால் தொடர்ந்து கூப்பிடுவார்கள், இல்லையென்றால் சூளை.

கண்ணாடி அறையில் எல்லோரும் பார்க்கக் கிண்ணத்தை வைத்துத் தட்டிச் சுருதி சேர்த்தேன். ஹெட்போனில் பாட்டு எனக்குக் கொஞ்சம் மேலே மிதந்தது. அவர்கள் பாட்டுதான் ஏறிக் கிடக்கிறது என்று நினைத்தேன். சொல்லப் பயம். ஒவ்வொரு சுரத்தையும் கம்பியை இழுத்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். தண்ணீருக்கடியிலிருந்து கை நீட்டுவது போலிருந்தது. எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை.

"கிடார் சுருதி கீழ இருக்குங்க, ட்யூன் பண்ணிட்டு இன்னொண்ணு வாசிங்க," என்றார் ரெக்கார்டிங் செய்தவர்.

சரிசெய்து வாசித்தேன். சுத்தமாக வந்தது. கண்ணாடிக்கு வெளியே இருந்த இசையமைப்பாளர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "அந்த அழுகை எங்கங்க போச்சு? முதல்ல வாசிச்சதே இருக்கட்டும்."

ஊருக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் கிண்ணத்தை வாங்கித் தட்டினார்.

"அடப்பாவி, இது கழிச்சுப் போட்டதுடா. சரியா வேகல. அதான் சத்தம் எறங்கி வருது. சும்மா கேட்டுக்கினு இருப்பியேன்னு குடுத்தேன்."

"இத வெச்சுத்தான் ஊரு பூரா வாசிச்சோங்க்கா."

"ஊரும் சேந்து வேகலன்னு சொல்லு," என்று சிரித்தார்.

பதினைந்து நாள் கழித்து டீக்கடைப் போனுக்கு ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வந்தது. "கிண்ணம் இருக்குதுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

கிண்ணத்தை ஒரு சட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.