ஜப்பானிலிருந்து ஓர் ஊமைப் பெட்டி

போன செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. லீவு ஃபாரத்தில் 'குடும்ப விஷயம்' என்று காரணம் எழுதிக் கொடுத்திருந்தேன். சுத்தப் பொய். அன்று எனக்கு ஒரு பார்சல் வரவிருந்தது. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கூரியர்காரர் அதைச் சுங்கை பட்டாணி கிடங்குக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். அப்புறம் அதை மீட்க இன்னொரு லீவு வேண்டும். இன்னொரு பொய்யும் வேண்டும்.

பத்தரை மணிக்கு மோட்டார் சத்தம்.

"காக்! பார்சல் டாரி ஜெப்புன்!"

ஜப்பான் பார்சல் என்று மனிதர் மலாயில் கத்திய கத்தலில் எங்கள் ஊர் பீடோங் பசாருக்கே செய்தி போயிருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. அதை மூடி நான் பார்த்ததே இல்லை.

"ஜப்பான்லேர்ந்தா? என்னா ஜாமான் சாந்தி?" என்றார் பக்கத்து வீட்டு ராஜம் அக்கா.

"டிவிடிக்கா."

"அத இன்னும் விக்கிறாங்களா?"

விற்கிறார்கள் அக்கா. என்னைப் போல ஆள் இருக்கும்வரை விற்பார்கள்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் உங்களுக்கு என்னைப் பற்றி நிறையத் தெரியும். பள்ளிக்கூட ஆபீஸில் கிராணி. வயது நாற்பத்தாறு. சர்க்கரை கொஞ்சம் உண்டு. கணவர் சேகரனின் குறட்டையைப் பற்றி மட்டும் மூன்று வாரம் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். நான் அனிமே பைத்தியம். ஜப்பான் கார்ட்டூன் என்று நீங்கள் சொல்லக்கூடும்... சொல்லுங்கள். என் நாத்தனாரும் அப்படித்தான் சொல்கிறார். "இந்த வயசுல பொம்மப் படமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, சீரியலில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கும் காட்சியைப் பார்க்க ஓடுவார். அது பெரியவர்களுக்கான கலை!

எல்லாம் ஒரே ஒரு தொடரில் ஆரம்பித்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தேடிப் போய் விலையை ஏற்றிவிடுவீர்கள். கதையை மட்டும் சொல்கிறேன். ஒரு மீன்பிடித் துறைமுகம். படகு எஞ்சின் பழுது பார்க்கும் அக்கா, தங்கை. என் பதின்மூன்றாவது வயதில், செமிலிங் பக்கம் நாங்கள் இருந்தபோது, சனிக்கிழமை காலைகளில் டிவியில் மலாய்க் குரலில் ஓடியது. ஜப்பானில் எல்லோரும் மலாய் பேசுவார்கள் என்று நானும் என் தோழிகளும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தோம்.

மொத்தம் இருபத்தாறு பாகம். இருபத்து நான்காவதில், தங்கைக்குப் பெரிய நகரத்தில் வேலை கிடைத்த விஷயம் அக்காவுக்குத் தெரிந்துவிடுகிறது. கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வீசிவிட்டு வெளியே நடக்கிறாள். 'தொடரும்' என்று போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அந்த நேரத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சி. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் சமையல். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது.

முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஸ்பேனர் தரையில் கிடக்கிறது.

இணையத்தில் கதைச் சுருக்கம் இருக்குமே என்பீர்கள். இருந்தது. 'இறுதியில் சகோதரிகள் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள்.' இதைத் தெரிந்துகொள்ளவா இத்தனை வருடம் காத்திருந்தேன்? கட்டணம் கட்டிப் பார்க்கும் தளங்களில் தேடினேன். 'இந்தத் தொடர் உங்கள் பகுதியில் கிடைக்காது.' என் பகுதி என்ன பாவம் செய்தது?

சரி, காசு கொடுத்தே வாங்குவோம் என்று இறங்கினேன். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. திருட்டு சிடி விற்றவர்தான் நம்மை மனுஷியாக மதித்தவர். ராத்திரிச் சந்தையில், அதான் பசார் மாலாமில், மேசை போட்டு, "வாங்கக்கா, புது ஸ்டாக்" என்பார். அவர் சிடியில் சப்டைட்டில் கன்னாபின்னா என்று இருக்கும். கதாநாயகன் காதலைச் சொல்லும் இடத்தில் 'உன் கல்லீரல் எனக்குச் சொந்தம்' என்கிற மாதிரி வரும். ஆனாலும் நம்மைக் கூப்பிட்டு விற்றார். நேர்மையாக வாங்க வந்தவளிடம் ஜப்பான்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'வெளிநாடுகளுக்கு அனுப்புவதில்லை.' மன்னிப்பு கேட்டுத்தான் சொன்னார்கள். நாலு இடத்தில் மன்னிப்பு கேட்டார்கள். ஆனால் அனுப்ப மாட்டார்களாம்.

அதற்கு ஒரு தரகர் கம்பெனி வேண்டும். அங்கே உள்ள அவர்கள் கிடங்கில் நம் பெயரில் வாங்கி வைத்து, இங்கே அனுப்புவார்கள். வாங்கித் தர ஒரு கட்டணம். பிரித்துப் பார்க்க ஒரு கட்டணம். மறுபடி கட்ட ஒரு கட்டணம். பிறகு விமானக் கூலி. அதிலும் ஒரு வேடிக்கை... எடையைப் பார்க்காமல் பெட்டியின் அளவைப் பார்த்துக் கூலி போட்டார்கள். உள்ளே இருக்கும் காற்றுக்கும் டிக்கெட் எடுத்து பீடோங்குக்கு அழைத்து வந்தவள் நான்! அப்புறம் நம் ஊர் வரி. எல்லாம் சேர்ந்து அறுநூறு வெள்ளியைத் தாண்டியது. பழைய பெட்டி. யாரோ ஒருவர் பார்த்து அலுத்து விற்றது.

"அந்தக் காசுல வாஷிங் மெஷின் வாங்கியிருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

யார் சொல்வது? தன் செகண்ட் ஹேண்ட் காடிக்கு ராசியான நம்பர் பிளேட் வேண்டும் என்று ஏலத்தில் போட்டி போட்டு எடுத்தவர். அந்த நம்பருக்குக் கொடுத்த விலையில் இரண்டு வாஷிங் மெஷின் வாங்கலாம். கேட்டால் அது 'இன்வெஸ்ட்மெண்ட்'. ஆண்கள் செய்தால் முதலீடு. பெண்கள் செய்தால் கிறுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

பெட்டியைப் பிரித்தேன். என்ன அழகு! அட்டையில் அந்த இரண்டு பெண்களும் எண்ணெய்க் கறையோடு சிரிக்கிறார்கள்.

டிவிடி விஷயத்தில் உலகத்தையே துண்டு போட்டிருக்கிறார்கள், தெரியுமா? ஜப்பானுக்கு இரண்டாம் நம்பர். நமக்கு மூன்றாம் நம்பர். அந்த ஊர் டிவிடி இந்த ஊர் பிளேயரில் ஓடாது. இது எனக்கு முன்பே தெரியும். நான் என்ன ஏமாளியா? எல்லா நம்பரும் ஓடும் பிளேயர் ஒன்றை முதலிலேயே வாங்கி வைத்திருந்தேன். நேராக இருபத்தைந்தாவது பாகத்தைப் போட்டேன். படம் ஓடியது. அக்கா பேசினாள்.

ஜப்பானிய மொழியில்.

ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தானை அமுக்கினேன். எழுத்து வந்தது. அதுவும் ஜப்பானிய மொழியில்.

விற்றவரின் பக்கத்தை ஆங்கிலத்தில் மாற்றிப் படித்தபோது 'சப்டைட்டில் உண்டு' என்றுதான் இருந்தது. பொய் இல்லை. உண்டுதான். என்ன மொழி என்று நான்தான் கேட்கவில்லை. மலாய் பேசிக்கொண்டிருந்த பெண்கள் திடீரென்று என்னிடம் அந்நியர்களைப் போல் பேசினார்கள். சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஊமப் படம்னு நெனச்சிக்கோ" என்றார். நான் பதில் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டிலும் பேசவில்லை. மறுநாளும் பேசாமல் இருந்ததும் மனிதருக்குப் பயம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"நம்ம மணியம் ஜப்பான்ல இருந்தவன்தானே... கூப்பிடவா?" என்றார்.

மணியம் அண்ணன் மெர்போக்கில் இருக்கிறார். என் வீட்டுக்காரரின் பள்ளித் தோழர். சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ஜப்பான்காரர் ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் டெக்னீஷியன். பயிற்சிக்கு என்று மூன்று முறை ஜப்பானுக்கு அனுப்பினார்கள், ஒவ்வொரு முறையும் ஆறு மாதம். பிறகு அந்த ஃபேக்டரி கூலி குறைந்த வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது. இப்போது அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். வடை சுட்டு வைத்திருந்தேன்.

"ஜப்பான் பாஷ இன்னும் ஞாபகம் இருக்காண்ணே?"

"என்னாமா இப்படி கேட்டுட்ட? மெஷின அந்த பாஷைலதான் நான் திட்டுவேன். அப்பதான் ஓடும்."

இருபத்தைந்தாவது பாகம் ஆரம்பித்தது. இரண்டு பெண்களும் ஒரு படகுக்குள் குனிந்து நிற்கிறார்கள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆங்... பிரஷர் கம்மியா இருக்குங்கிறா. டீசல்ல தண்ணி கலந்துருக்கு. தங்கச்சி சொல்றா, மொதல்ல ஃபில்டர கழட்டுன்னு. கரெக்ட்லா! நல்லா வேல தெரிஞ்ச பொண்ணு."

நான் பூரித்துப்போனேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறாரே! பத்து நிமிடம் எஞ்சின் ஓடியது. பிறகு தங்கை கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மெல்லிய இசை. அவள் பேச ஆரம்பித்தாள். அழுதாள். மறுபடி பேசினாள். முழுதாக இரண்டு நிமிடம்.

மணியம் அண்ணன் வாயே திறக்கவில்லை.

"என்னண்ணே சொல்றா?"

"அது வந்து... ஏதோ மனசு விஷயம்மா."

"மனசு விஷயம்னா?"

"தெரியலமா. எங்க லைன்ல யாரும் மனசு விஷயம் பேச மாட்டாங்க."

என் வீட்டுக்காரர் வடையோடு புரையேறிச் சிரித்தார். "அறுநூறு வெள்ளிக்கு மெக்கானிக் கிளாஸ்!" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறென்ன செய்ய? எஞ்சினில் ஒவ்வொரு நட்டும் புரிந்தது. அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசிப் பாகம். துறைமுகம். தங்கை பையோடு நிற்கிறாள். அக்கா வேலை உடுப்போடு ஓடி வருகிறாள். இரண்டு பேரும் பேசவில்லை. கப்பல் சங்கு ஊதுகிறது. தங்கை ஏறிவிட்டாள். அப்போது அக்கா கீழேயிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

மணியம் அண்ணன் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். ரிமோட்டை எடுத்துப் படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, அந்த வார்த்தையை மறுபடி கேட்டார்.

"இத்தெராஷ்ஷாய்..." என்று தனக்குள்ளே சொன்னார்.

"அப்படின்னா என்னண்ணே?"

"போயிட்டு வா."

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"போன்னு அர்த்தமில்லமா. போயிட்டு வா. நம்ம வீட்ல சொல்றோம்ல, அதேதான். இப்ப பாரு, தங்கச்சி பதில் சொல்லுவா. போயிட்டு வர்றேன்னு."

கப்பலின் மேலிருந்து தங்கை சொன்னாள். அவர் சொன்னது போலவே. அப்புறம் கடல்தான். பாட்டு, பெயர்கள், முடிவு.

ஆங்கிலத்தில் இதற்கு என்ன போட்டிருப்பார்கள்? 'பை பை' என்றா? 'டேக் கேர்' என்றா? போகிறவளை அனுப்பும்போதே திரும்பவும் கூப்பிட்டுவிடும் அந்த வார்த்தை நம்மிடம் இருக்கிறது. அவர்களிடமும் இருக்கிறது. நடுவில் ஆங்கிலம் எதற்கு? நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நன்றாகவே அழுதேன்.

மணியம் அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஹாஸ்டல்ல ஒரு கேன்டீன் அம்மா இருந்துச்சு. தெனம் காலைல நாங்க கெளம்புறப்ப வாசல்ல நின்னு இதத்தான் சொல்லும். கடேசி தடவ ஏர்போர்ட் பஸ் ஏறுறப்பயும் சொல்லிச்சு. நானும் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். எங்கமா போனேன்? அடுத்த வருசம் ஃபேக்டரியே இல்ல."

"சொல்லாமலா மூடுனாங்க?" என்று கேட்டேன்.

"நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டுனாங்க. மலாய்ல, இங்கிலீஷ்ல. பதினெட்டு வருசம்மா... போயிட்டு வர்றோம்னு ஒருத்தரும் சொல்லல. அந்த பாஷைல அதுக்கு வார்த்த இருக்கு. எனக்குத் தெரியும்."

என் வீட்டுக்காரர் எழுந்து அடுப்படிக்குப் போய் காப்பி கலக்கிக்கொண்டு வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தொரு வருடம் ஆகிறது. அவர் காப்பி கலக்கி நான் குடித்தது அன்றுதான். சீனி போட மறந்துவிட்டார். எனக்கு அதுவும் நல்லதுதான்.

மணியம் அண்ணன் கிளம்பும்போது, முதல் பாகத்திலிருந்து பார்க்க அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொன்னார். மனசு விஷயம் வந்தால் சும்மா இருப்போம், எஞ்சின் வந்தால் அவர் சொல்வார் என்று ஒப்பந்தம்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் முன்பு நான் எழுதிக் கேட்ட இடங்களில் ஒன்றான, அந்தத் தொடரை எடுத்த கம்பெனியிடமிருந்து நேற்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிய பதிப்பு வருகிறதாம். ஆங்கில சப்டைட்டில் உண்டாம். எந்த நாட்டுக்கும் நேராக அனுப்புவார்களாம். விலை, நான் கொடுத்ததில் பாதி!

ஆர்டர் போட்டுவிட்டேன்.

'உலகெங்கும் உள்ள எங்கள் அன்பு ரசிகர்களே' என்று ஆரம்பித்திருந்தார்கள். ஏமாந்தவர்களைக் கூப்பிட எவ்வளவு மரியாதையான பெயர், பாருங்கள்.