மலைக்குப் போட்ட சின்ன ஜெட்

மே மாதம், சனிக்கிழமை. ஓசூர், வீட்டுக் கார் கொட்டகை. மோட்டார் சைக்கிளின் கார்பரேட்டரிலிருந்து, பெட்ரோலை அளந்துவிடும் பெரிய மெயின் ஜெட் கழற்றப்பட்டுச் சிறியது பொருத்தப்பட்டது. அதனுள் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஊசியும் ஒரு படி தாழ்த்தப்பட்டது.

ஞாயிறு. உதகைக்கு மேலே, தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்து மண் பாதை. வண்டி திணறாமல் ஏறியது.

செவ்வாய். ஓசூர். ஊசி பழைய படிக்கு உயர்த்தப்பட்டது. ஜெட் மாற்றப்படவில்லை. பாகலூர் சாலையில் ஓட்டிய பின் ஸ்பார்க் பிளக் கழற்றிப் பார்க்கப்பட்டது. அதன் எரிந்த நிறம் சரி.

வியாழன், முற்பகல். மருமகள் அந்த வண்டியில், கிருஷ்ணகிரிக்கு அப்பால் சாமல்பட்டியிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். அப்போது நான் வீட்டில் இல்லை.

நடந்தவை இவ்வளவே. தாய்வீட்டுக்குப் போவதாக அவள் சொல்லியிருந்தாள், எதில் என்று சொல்லவில்லை. நான் வங்கியிலிருந்து திரும்பியபோது கொட்டகை காலியாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் வாசலில் நின்றேன்.

வண்டி என் மகனுடையது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியொன்றை வாங்கி, மண்ணிலும் கல்லிலும் ஓடும்படி உயர்த்தி, பல்வைத்த டயர் போட்டு அவனே மாற்றியமைத்தான். அவன் இறந்தது வண்டியால் அல்ல. அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டின்போது, மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவு. ஆண்டு திரும்பியதும், அதை இனித் தான் ஓட்டப்போவதாக மருமகள் சொன்னாள். ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவள். அனுமதி கேட்கும் தொனி அதில் இல்லை. இயந்திரங்களில் எரிபொருள் எரியும் முறையை ஆய்வு செய்து பட்டம் பெற்று, இதே ஊரின் தொழிற்பேட்டையில் ஓய்வு பெறும்வரை அதே வேலையைச் செய்தவன் நான். மறுப்பதைவிட, கார்பரேட்டரை நானே பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது என்று எண்ணினேன்.

மலையில் காற்று மெலிவு. பெட்ரோலைக் குறைக்காவிட்டால் இயந்திரம் மூச்சு முட்டும். அதற்காகத்தான் சின்ன ஜெட். அதே ஜெட்டோடு கீழே இறங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும். காற்று அடர்ந்திருக்கும், பெட்ரோல் போதாது, சூடு ஏறும். இவ்வகை வண்டியில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போவதால், ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும். ஒரு கட்டத்தில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆயினும் செவ்வாய்க்கிழமை, "வேணாம் மாமா, பெரிய ஜெட்டு போட்டா மறுபடி பொகையத் துப்பும். இப்பதான் வண்டி நல்லா பேசுது" என்று அவள் சொன்னபோது ஊசியை மட்டும் உயர்த்திவிட்டு மூடினேன். கீழே வந்துவிட்டோம் என்று இருவரும் நினைத்தோம். ஓசூரில் வாழ்பவர்கள் செய்யும் பிழை இது. எங்களுக்கு மலை என்றால் உதகை, ஏற்காடு. நாங்கள் நிற்பதே ஏறக்குறைய மூவாயிரம் அடியில் என்பதையும், கிருஷ்ணகிரி அதில் பாதி உயரத்தில் கிடக்கிறது என்பதையும் எவரும் நினைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. அரை வேகத்தில் ஊசி காப்பாற்றும். முழு வேகத்தில் ஜெட் ஒன்றுதான் பெட்ரோலை அளக்கும். பாகலூர் சாலையின் நெரிசலில் முழு வேகம் என்பதே இல்லை. கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் அது மட்டும்தான் உண்டு.

அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பாயை அழைத்தேன். ஜெட்டுகள் அவர் கடையில் வாங்கியவை.

"காலையில இங்கதான் சார் வந்துச்சு. டூ டி ஆயில் வாங்கிச்சு. 'வண்டி பறக்குது பாய்'ன்னுச்சு. 'உங்க மாமனாரு பி.எச்.டி. பண்ண கையி, ஜெட்ட தொட்டாலே பறக்கும்'னு நான்கூட கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தன்."

"சின்ன ஜெட்டோடதான் போயிருக்கா, பாய்."

"சோக்க பாதி தூக்கிக்கிட்டா பெட்ரோலு கூட எறங்கும். அப்படியே மெதுவா போவச் சொல்லணும் சார். போன எடுக்கலியா? சரி, நீங்க கெளம்புங்க. நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கன்" என்றார்.

காரை எடுத்தேன். கன்டெய்னர் லாரிகளும், மாங்கூழ் ஆலைகளுக்கு மாங்காய் ஏற்றிய டெம்போக்களும் சாலையை நிறைத்திருந்தன. ஒவ்வொரு லாரியையும், முன்னால் ஒரு வண்டி திடீரென்று பூட்டிக்கொண்டால் அதனால் எவ்வளவு தூரத்துக்குள் நிற்க முடியும் என்ற ஒரே கேள்வியோடு பார்த்தேன். சூளகிரியைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கினேன். காற்று கொதித்தது. வெப்பக் காற்றும் சற்று மெலிவுதான், அது அவளுக்குச் சாதகம் என்று மனம் கணக்கிடத் தொடங்கியது. அந்தச் சாதகம் எவ்வளவு சொற்பமானது என்பதும் தெரிந்ததால் கணக்கை விட்டேன்.

ஓரிடத்தில் சாலையோரம் கூட்டம். நடுவில் ஒரு வண்டி சாய்ந்து கிடந்தது, சக்கரம் மட்டும் தெரிந்தது. காரை நிறுத்தினேன். ஆனால் கதவைத் திறக்கக் கை வரவில்லை. மகனைப் பார்க்க மருத்துவமனைக்குள் நுழைந்தபோதும் இந்தக் கைகள் இப்படித்தான் இருந்தன. கூட்டம் விலகியது. பால் கேன் கட்டிய வண்டி. பால்காரர் எழுந்து நின்று, இடித்தவனிடம் பாலுக்கு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடைந்த மகிழ்ச்சியைப் பற்றி எழுத விரும்பவில்லை.

கிருஷ்ணகிரிக்குச் சற்று முன், இடது ஓரத்தில் ஒரு மாம்பழக் கடை. அதன் பந்தலுக்கடியில் வண்டி நின்றது. பக்கத்தில், கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையின்மேல் அவள் அமர்ந்து, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

"மாமா? நீங்க எங்க இங்க?"

"போன் எங்க?"

"பையில. சைலன்ட்ல இருக்குது போல." என் முகத்தைப் பார்த்ததும் கீற்றைக் கீழே வைத்தாள். "ஒண்ணும் ஆவல மாமா. சத்தம் மெலிசா மாறுச்சு. அப்பறம் பின்னாடி யாரோ புடிச்சி இழுத்தாப்பல இருந்துச்சு. உடனே கிளட்ச புடிச்சிட்டன். சக்கரம் விடுபட்டு, உருண்டு வந்து ஓரமா நின்னுடுச்சு."

"பின்னால வண்டி எதும் வரலியா?"

"ஒரு லாரி. ஒடிச்சி ஒதுங்கிப் போயிட்டான். கன்னடத்துல திட்டிக்கிட்டே போனான்."

"என்னன்னு?"

"அதெல்லாம் மாமனார்கிட்ட சொல்ற மாதிரி இல்ல."

கடைக்காரர் சிரித்தார். எனக்கு ஒரு கீற்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன், தின்ன முடியவில்லை.

"கிளட்சைப் பிடிக்கணும்னு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டேன்.

அவள் சாலையைப் பார்த்தபடி சொன்னாள்: "அவரு சொல்லுவாரு. டூ ஸ்ட்ரோக்க நம்பாத, ரெண்டு வெரலு எப்பவும் கிளட்சு மேலயே இருக்கட்டும்னு."

நாங்கள் இருவரும் அவனைப் பற்றிப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது பந்தல் துணி எங்கள் பக்கம் உப்பித் தணிந்தது.

"பெரிய ஜெட்டு போட்டா சரியாயிடுமில்ல மாமா?"

பிஸ்டனைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். உண்மையான பதில்தான். ஆனால் சொல்ல நினைத்தது அதுவல்ல. வண்டியைக் கடைக்காரர் பொறுப்பில் விட்டோம். இன்னும் கீற்றைப் பிடித்தபடி நின்ற என்னைப் பார்த்துவிட்டு, அவள் கார்ச் சாவியைக் கேட்காமலே எடுத்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். பாய்க்கு நான் தகவல் சொன்னேன். சாமல்பட்டிவரை அவளே ஓட்டினாள். வளைவுகளில் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவள் அதைப் பார்த்தாள், வேகத்தைச் சற்றுக் குறைத்தாள்.

இன்னும் செய்யப்படாதவை:

சிலிண்டரைத் திறந்து பிஸ்டனைப் பார்ப்பது.

எந்த ஜெட் சரி என்று ஓசூரில் அல்லாமல், கிருஷ்ணகிரியில் வைத்து முழு வேகத்தில் சோதிப்பது. யார் ஓட்டுவது என்று முடிவு செய்வது.

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை மகன் பெயரிலிருந்து அவள் பெயருக்கு மாற்றுவது. இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும்.

இனி ஓட்ட வேண்டாம் என்று அவளிடம் சொல்வது, அல்லது சொல்வதில்லை என்று தீர்மானிப்பது.