அன்று நாங்கள் பெருக்கினோம்

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் எனக்கு வேலை. முடி கழலச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்ட தோலை, ஒரு முனையில் ஆணும் மறுமுனையில் பெண்ணுமாகப் பிடித்துத் தூக்குவோம். தோல் ஒன்று, கனம் ஒன்று, கூலி மட்டும் எனக்குப் பாதி. கேட்டால் மேஸ்திரி, "பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஆம்பள கூலி? பூ வாங்கவா?" என்று சிரிப்பான். எனக்கு வயிறு எரியும்.

புதுக் கூலிச் சட்டம் வந்தது. வேலூரிலிருந்து அதிகாரி வருகிறார் என்றார்கள். அன்று காலையிலேயே மேஸ்திரி எங்கள் கையில் ஆளுக்கொரு துடைப்பத்தைத் திணித்தான்.

"எவளாவது வாயத் தொறந்தீங்க, நாளைக்கு வேலை கெடையாது."

அதிகாரியிடம், "பொம்பளைங்க பெருக்க மட்டும்தான் சார்" என்று கூசாமல் புளுகினான். அவரோ, "தோல் தூக்கினா ஆணானாலும் பொண்ணானாலும் ஒரே கூலி. பெருக்குறவங்கள அந்த வேலைக்குக் கூப்பிடக் கூடாது" என்று முதலாளி சாயபு எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனார். நாசமாப் போற மேஸ்திரி, கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டானே என்று அன்று முழுக்க அழுதேன். அழுது முடித்த பிறகுதான் புத்தி வந்தது.

மறுநாள் குழியிலிருந்து தோல் எடுத்தாக வேண்டும். தவறினால் சுண்ணாம்பு தோலையே தின்றுவிடும். மேஸ்திரி கூப்பிட்டான். நாங்கள் துடைப்பத்தை எடுத்தோம்.

"நாங்க பெருக்குறவங்க மேஸ்திரி. நீங்கதானே சொன்னீங்க?"

கத்தினான், துரத்துவேன் என்றான். ஒரே நாளில் அத்தனை ஆளுக்கு எங்கே போவான்? பெருக்கிய இடத்தையே பெருக்கினோம். மத்தியானம் சாயபு வந்து, "தோல் கெட்டா உன் தலைமேலதான்" என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் முனையைத் தானே பிடித்தான். அவன் வழுக்கி விழுந்தபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது. பொய் சொல்வானேன்? இன்னும் விழட்டும் என்றுதான் அவன் காலடியில் தண்ணீர் தெளித்துப் பெருக்கினேன்.

பொழுது சாய்ந்தது. குழியில் இன்னும் பாதித் தோல் கிடந்தது.

"ஆம்பள கூலியே தர்றோம், வாங்கம்மா" என்றான் மேஸ்திரி.

"சாயபு காதுல விழுற மாதிரி சொல்லுங்க."

உரக்கச் சொன்னான். சாயபு தலையாட்டினார். துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குழிக்குப் போனேன். மேஸ்திரி சுண்ணாம்பில் வெந்து சிவந்த கையை என்னிடம் நீட்டினான்.

"எரியுதும்மா."

"எனக்கு இங்க வந்த நாள்ல இருந்து எரியுது," என்றேன். "பாதிக் கூலிக்கு."